திருகோணமலையில் ஸ்கேட்போர்ட்: பலகைக்குக் குறையில்லை, ஓட்டுவதற்குத் தளம்தான் இல்லை

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறைக்கு, கொழும்பிலுள்ள விற்பனையாளர் ஒருவரிடம் இணையவழியாகச் சொல்லி ஒரு ஸ்கேட்போர்டை வரவழைத்தேன். என் மகனும் அக்காவின் மகளும் அதை மாறி மாறி ஓட்டி வருகிறார்கள். கச்சான் காற்றின் வெக்கையையும் அதன் பின் வந்த வாடைக்கால மழையையும் அது கடந்துவிட்டதால், அதன் தரத்தைப் பற்றி இப்போது பொறுப்போடு எழுத முடியும். பலகை, கொடுத்த விலைக்கு உரிய வேலையைச் செய்கிறது. ஆனால் திருகோணமலையில் தம் பிள்ளைக்கு இதை வாங்க எண்ணும் பெற்றோருக்கு அந்த ஒரு வரி போதாது. எந்தத் தரையில், யாருடைய அனுமதியோடு பிள்ளை இதை ஓட்டப்போகிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இதை வாங்கினால், அது சில வாரங்களில் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஆகவே இந்த மதிப்புரை பலகையை மட்டுமன்றி ஊரின் தரையையும் பற்றியது.

முதலில் பலகை. மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய அடுக்குகளைப் பசையிட்டு அழுத்திச் செய்யப்பட்டது. அகலம் எட்டு அங்குலம். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. மேற்பரப்பில் கால் வழுக்காதிருக்க ஒட்டப்பட்டுள்ள மணல்தாள் இன்னும் உரியவில்லை. பின்முனையை மிதித்து எழுப்பிப் பழகியதில் அதன் விளிம்பு தேய்ந்திருக்கிறது, ஆனால் அடுக்குகள் பிரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவரின் எடையையும் துள்ளலையும் தாங்கிய பலகைக்கு இது நல்ல சான்று. மழையில் நனைய விட்டால் பசை இளகிப் பலகை முறுக்கிக்கொள்ளும் என்று விற்பனையாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்; அந்த எச்சரிக்கையை மதித்து நடந்தோம். சில்லுகளைத் தாங்கும் உலோக அச்சுகளான ட்ரக்குகள் இரண்டிலும் பழுதில்லை. அவற்றின் நடு நட்டை இறுக்கினால் பலகை நேராகவே ஓடும். சற்றுத் தளர்த்தினால் உடலைச் சாய்த்த பக்கம் திரும்பும். புதிதாகப் பழகுபவருக்கு இறுக்கமே நல்லது.

குறை இருந்தது சில்லுகளில். பெட்டியோடு வந்தவை 52 மில்லிமீற்றர் விட்டமும் 99ஏ கடினத்தன்மையும் (எண் குறையக் குறையச் சில்லு மென்மையாகும்) கொண்டவை. பளிங்குபோன்ற கொங்கிரீட் தளத்தில் வித்தை பழகுவதற்கு உலகெங்கும் விரும்பப்படும் அளவு அது. எங்கள் உள்வீதிகளிலோ, தார் தேய்ந்து கருங்கல் சல்லி மேலெழுந்து நிற்கும் இடங்களில் பல் கிட்டும் அளவுக்கு அதிர்ந்தது. ஒரு சிறு கல் குறுக்கிட்டால் சில்லு நின்றுவிடும், பிள்ளை முன்னே பறக்கும். இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதே இடர் இருந்திருக்கிறது. 1950களிலும் 1960களிலும் கலிபோர்னியாவில் பயன்பட்ட இரும்புச் சில்லும் களிமண் சில்லும் சிறு கல்லில் சிக்கி ஓட்டுநரை வீழ்த்தின. விளையாட்டே மங்கிப்போன பின்னர், 1970களின் தொடக்கத்தில் ஃபிராங் நாஸ்வர்த்தி பொலியூரிதேன் சில்லை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் அது மறுபடி உயிர்பெற்றது. அந்த வரலாற்றை அறிந்திருந்ததனால், 60 மில்லிமீற்றர் விட்டமும் 78ஏ கடினத்தன்மையும் கொண்ட மென்மையான சில்லுகளைத் தனியாக வரவழைத்து மாற்றினேன். பெரிய சில்லு பலகையின் அடியில் உரசாமலிருக்க ட்ரக்குக்கும் பலகைக்கும் இடையே தடித்த இறப்பர்த் தகடு ஒன்றும், அதற்கேற்ற நீண்ட திருகாணிகளும் தேவைப்பட்டன. அதன் பிறகு பலகை வேறு பொருளாகிவிட்டது: சல்லி வீதியிலும் ஓசை குறைந்து ஓடுகிறது, சிறு கற்களை ஏறிக் கடக்கிறது. வித்தைகளுக்கு அவ்வளவு வாய்ப்பில்லை, ஆனால் நம் ஊரில் முதல் தேவை ஓடுவதுதான்.

கடற்கரை ஊரில் வாழும் எந்த இரும்புப் பொருளுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. வாடைக்காலத்தில் பெயாரிங்குகள் துருப்பிடித்துச் சில்லுகள் முனகத் தொடங்கின. நல்லவேளையாக ஸ்கேட்போர்ட் பெயாரிங்குக்குத் தனி அளவு எதுவும் இல்லை. அது 608 என்ற பொது அளவு, அதாவது உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். சிறு மோட்டார்களிலும் அதே அளவு பயன்படுவதால் மோட்டார் திருத்தும் கடையிலேயே கிடைத்துவிட்டது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயில் ஓரிரு துளி விட்டால் பழையவையும் சில காலம் உழைக்கும். கடற்கரை மணலில் வைத்த பலகையைத் துடைக்காமல் வீட்டுக்குள் கொண்டுவருவதை மட்டும் பிள்ளைகள் கைவிட வேண்டும்.

இனித் தரை. காப்பெட் இடப்பட்ட பிரதான வீதிகள் வழுவழுப்பானவை. அவற்றில் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் ஓடுகின்றன, எனவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உவர்மலைச் சரிவு பார்ப்பதற்கு ஆசை காட்டும். இந்தப் பலகைக்கு பிரேக் கிடையாது என்பதை நினைவிற்கொண்டு அங்கே யாரும் பிள்ளைகளை விட வேண்டாம். மைதானங்கள் புல்லும் மண்ணும் கொண்டவை, சில்லு உருளாது. பாடசாலைகளின் வலைப்பந்துத் தளங்கள் ஏற்றவை, ஆனால் பாடசாலை விட்டதும் வாயில் பூட்டப்படும். பிரெட்ரிக் கோட்டைக்குள் சென்று கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதி வழிபாட்டுக்குரியது. வெறுங்காலோடு நடந்து செல்லும் முதியவர்களுக்கு இடையே பலகை ஓட்டுவதை நானே அனுமதிக்க மாட்டேன். கோட்டைக்குள் இராணுவம் இருப்பது வேறு விடயம். அங்கே ஓடக்கூடாது என்பதற்கு கோவிலே போதிய காரணம்.

எஞ்சுவது டச்சு பே கடற்கரையோரமும், நகரத்தின் பொதுக் கட்டடங்களுக்கு முன்னுள்ள கொங்கிரீட் முற்றங்களும். மாலையில் குடும்பங்கள் கூடும் கடற்கரையோர நடைபாதையில் விடியற்காலையில் மட்டுமே ஓட்ட முடியும். அந்த நேரத்தில் ஓட்டுவது இனிமையானது, துணைக்குப் புள்ளிமான்களும் வரும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: திருகோணமலை நகருக்குள் மான்கள் கூட்டமாகத் திரிகின்றன, கோட்டையைச் சுற்றியும் கடற்கரையிலும் தங்கள் விருப்பம்போல் படுத்திருக்கின்றன, எவரும் அவற்றை விரட்டுவதில்லை. பொதுவிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொறுமை இந்த ஊர் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அந்தப் பொறுமை பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக் கிடந்த பொதுக் கட்டடம் ஒன்றின் முன்முற்றத்தில் இருவரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நடமாடாத இடம், நல்ல வழுவழுப்பான தளம். காவலாளி வந்தார். "தம்பி, இஞ்ச இதெல்லாம் ஓட ஏலாது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். "ஐயா, நாங்க ஒண்டும் உடைக்கேல்லையே" என்றான் மகன். "உடைக்கேல்லை எண்டது எனக்குத் தெரியும். மேல இருக்கிறவை என்னைத்தான் கேப்பினம்" என்று அவர் சொன்னது உண்மையும்கூட. அவர்மீது எனக்குக் கோபமில்லை. தடை என்று எழுதிய பலகை எதுவும் அங்கே இல்லை, எந்த விதியையும் அவர் சுட்டிக்காட்டவில்லை. இளவயதினர் கூட்டமாக நின்று ஏதோ செய்கிறார்கள் என்பதே போதிய குற்றமாக இருந்தது. அக்காவின் மகளான என் மருமகளுக்கு அது இரண்டு மடங்காக இருந்தது. போகும் வழியில் நின்ற ஒருவர், பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இது என்று அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

இந்த ஊரில் பொதுவெளியில் இளைஞர் கூடுவது என்பது இலேசான விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 2006 ஜனவரி 2 அன்று, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் மாலை நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள்; அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. என் தலைமுறைப் பெற்றோர் பிள்ளையை இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு அழைப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம். அதற்கு முந்திய ஆண்டு, 2005 மே மாதத்தில், பஸ் நிலையத்துக்கு அருகே இரவோடிரவாகப் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டு, ஹர்த்தாலும் பதற்றமும் ஏற்பட்டு, பொது இடம் முட்கம்பிக்கும் காவலுக்கும் உள்ளே போனது. 2025 நவம்பரில் டச்சு பே கடற்கரையோரத்தில் அனுமதி பற்றிய சர்ச்சைக்கு இடையே வைக்கப்பட்ட சிலையைப் பொலிஸார் இரவில் அகற்றி, மறுநாளே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இவற்றை நான் ஒரு விளையாட்டுப் பொருளின் மதிப்புரையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பலம் உள்ளவர்கள் பொது நிலத்தில் நிரந்தரமாக எதையும் நிறுவ முடிகிற ஊரில், அரை மணி நேரம் உருண்டுவிட்டுச் சுவடின்றிப் போகும் பிள்ளையிடம் மட்டும் அனுமதி கேட்கப்படுகிறது. தளத்தின் பற்றாக்குறையைவிட இந்த வேறுபாடே எனக்கு அதிகம் வலிக்கிறது.

சுவடின்றிப் போகும் என்று எழுதியதை நேர்மையாகத் திருத்த வேண்டிய ஓர் இடம் உண்டு. சாதாரணமாக உருளும் பலகை தரையைச் சேதப்படுத்துவதில்லை. ஆனால் வித்தைகளில் தேர்ந்த ஓட்டுநர், பலகையின் அடிப்பாகத்தாலோ ட்ரக்கின் உலோகத்தாலோ திண்ணை விளிம்புகளில் வழுக்கிச் செல்வார். அதற்காக விளிம்பில் மெழுகும் தேய்ப்பார். மெழுகு அழுக்கைப் பிடித்துக் கறுக்கும். கொங்கிரீட் விளிம்பு நாளடைவில் உதிரும். நம் வீதியோரங்களில் கறுப்பு வெள்ளையாகத் தீட்டப்பட்டிருக்கும் கல்வரிசைகளில் வண்ணம் ஒரே மாலையில் உரிந்துவிடும். இது பொதுப்பணத்துக்கு ஏற்படும் இழப்பு. பிள்ளைகள் பக்கம் நிற்பவர்கள் இதை மறைக்கக்கூடாது. இலங்கையில் பொதுச் சொத்துக்கள் மீதான குற்றங்களுக்கு 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது கடுமையான சட்டம். ஓட்டத் தொடங்கும் பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

ஆயினும் எது சேதம், எது அலங்காரம் என்பதை ஊர் எப்படித் தீர்மானிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். பல சுவர்களில் போரின் வெற்றி தீட்டப்பட்டது. அவர்கள் அதிகாரிகளின் பாராட்டைப் பெற்றார்கள், பொதுச் சொத்தைக் கெடுத்தவர்கள் என்று பெரும்பாலும் அழைக்கப்படவில்லை. தேர்தல் காலத்தில் மதில்களிலும் பாலங்களிலும் ஒட்டப்படும் சுவரொட்டிகள் மழை வந்து கரைக்கும்வரை அங்கேயே இருக்கின்றன. இவற்றோடு ஒப்பிட்டால், ஒரு திண்ணை விளிம்பில் படிந்த மெழுகுக்குக் கிடைக்கும் கோபம் அளவுக்கு மிஞ்சியது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நோர்வே 1978 முதல் 1989 வரை ஸ்கேட்போர்டையே தடை செய்திருந்தது, விற்பதும் ஓட்டுவதும் குற்றம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லவ் பார்க் என அழைக்கப்படும் சதுக்கம் உலகின் புகழ்பெற்ற ஸ்கேட்போர்ட் தளமாக வளர்ந்த பின், நகர நிர்வாகம் 2002இல் அதைத் திருத்தியமைத்து ஓட்டுநர்களை வெளியேற்றியது. அந்தச் சதுக்கத்தின் கருத்தை வகுத்த நகரத் திட்டமிடலாளர் எட்மண்ட் பேகன், தன் 92ஆவது வயதில், தலைக்கவசம் அணிந்து, இருபுறமும் ஆட்கள் தாங்க, தடையை மீறி அங்கே பலகையில் ஏறி உருண்டார். அந்த முதியவரின் செயலை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. இடத்தை வடித்தவரே, இடம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர்களிடம் கற்றுக்கொண்டார்; நிர்வாகம் கற்றுக்கொள்ளவில்லை. சதுக்கத்தைத் திருத்திப் பராமரிக்க ஒரு சப்பாத்து நிறுவனம் பத்து இலட்சம் டொலர் தர முன்வந்தபோதும் நகரம் ஏற்கவில்லை. இலண்டனில் கதை வேறு விதமாக முடிந்தது. தேம்ஸ் கரையில் சவுத்பாங்க் கலை மையத்தின் அடித்தளத்தில் 1970களிலிருந்து பிள்ளைகள் ஓட்டிவந்த இடத்தை, 2013இல் கடைகளாக மாற்றத் திட்டம் வந்தது. ஓட்டுநர்கள் கையெழுத்துத் திரட்டிப் போராடினார்கள். 2014இல் அந்த இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு ஏற்பட்டது.

இவை பணக்கார நகரங்களின் கதைகள் என்று ஒதுக்குபவர்களுக்கு, நமக்கு அருகே கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் காட்டலாம். சென்னைக்குத் தெற்கே உள்ள அந்தக் கரையோர ஊர்களில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கோடு ஸ்கேட்போர்டையும் பழகினார்கள். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு சாய்தளத்தில் பலகை ஓட்டும் படம் உலகமெங்கும் சென்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், பெண்களுக்கான ஸ்கேட்போர்ட் வீதிப் பிரிவில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. என் மருமகளின் வயது அது. திருக்கடலூரிலும் மட்டிக்களியிலும் கடலோடு வளரும் பிள்ளைகளுக்குச் சமநிலை புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று, வள்ளத்தில் நிற்கத் தெரிந்த கால்கள் அவை.

தேவைப்படுவது பெரிய அரங்கமன்று. ஒரு வலைப்பந்துத் தளத்தின் அளவுக்கு, இயந்திரத்தால் மெழுகி வழுவழுப்பாக்கிய கொங்கிரீட் தளம், நீர் வழிய மெல்லிய சரிவு, முழங்கால் உயரத்துக்குக் குறைவான திண்ணை ஒன்று, அதன் விளிம்பில் இரும்புக் கோணம் பதித்து, ஒரு பக்கம் தாழ்வான சாய்தளம், மாலையில் விளக்கு. இரும்பு விளிம்பு முக்கியமானது, ஏனெனில் பலகையால் உதிர்வது கொங்கிரீட்டேயன்றி இரும்பன்று. பிற நாடுகளில் திண்ணைகளில் இரும்புக் குமிழ்களை அடித்து ஓட்டுநரைத் தடுக்கிறார்கள். அந்தக் குமிழ்களால் முதியவரும் அங்கே வசதியாக அமர முடிவதில்லை. அதே இரும்பைத் திண்ணையின் ஓரத்தில் பதித்தால் விளிம்பும் காக்கப்படும், பிள்ளையும் விளையாடும். இடம், வீடுகளிலிருந்தும் வழிபாட்டுத் தலங்களிலிருந்தும் சற்று விலகி, ஆனால் ஆள் நடமாட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஒதுக்குப்புறமான மூலையில் கட்டினால் பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள், பின்னர் அது வேறு காரியங்களுக்குப் பயன்படத் தொடங்கும். மைதானம் ஒன்றின் வீதியோர ஓரமே போதும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் முறை வைத்துக் காத்து நிற்கும் இடங்கள் இந்த ஊரில் மிகக் குறைவு. இது அத்தகைய ஓர் இடமாக இயல்பாகவே அமையும், ஏனெனில் இந்த விளையாட்டில் அணியும் இல்லை, எதிரணியும் இல்லை.

அத்தளம் வரும்வரை நாங்கள் கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். விடியற்காலையில் மட்டும் கடற்கரையோரம். நடந்து வருபவர் எவராயினும், அவர் கடக்கும்வரை பலகையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நினைவுச்சின்னம், சிலை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் படிகளையும் திண்ணைகளையும் தொடுவதில்லை. வண்ணம் தீட்டிய கல்வரிசையில் வழுக்குவதில்லை. மெழுகு தேய்ப்பதில்லை. பிள்ளைகள் இவற்றை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். உள்ளூராட்சி மன்றத்துக்கு, தளம் ஒன்றைக் கேட்டு அவர்கள் இருவரும் தங்கள் கையால் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறார்கள். அளவுகளோடு ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறார்கள்.

இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில், சில நிபந்தனைகளோடு. விலை, ஒரு சாதாரணச் சைக்கிளின் விலையைவிடக் குறைவு. ஆனால் தலைக்கவசமும் முட்டிக்காப்பும் மணிக்கட்டுக் காப்பும் சேர்த்தே கணக்கிடுங்கள். பழகும் காலத்தில் முதலில் தரையில் ஊன்றப்படுவது கைதான் என்பதால் மணிக்கட்டுக் காப்பை விட்டுவிட வேண்டாம். கட்டளை கொடுக்கும்போதே மென்மையான 78ஏ சில்லுகளும் இறப்பர்த் தகடும் நீண்ட திருகாணிகளும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்; பின்னர் தனியாக வரவழைத்தால் அனுப்பும் செலவு இரட்டிப்பாகும். கடினமான சில்லுகளை எறிந்துவிடாதீர்கள், நல்ல தளம் கிடைக்கும் நாளில் அவைதான் வேண்டும். பெயாரிங்கை மட்டும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டாம். 608 என்று சொல்லி ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.